"மற்றும் பலர்" எண்டு முடிக்காதீங்க: டி.எஸ். பாலையாவை முன்வைத்து

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி உங்கட போனில் எங்கேயாவது இருக்கும். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்திருக்கும், இல்லாட்டி யாராவது ஒரு பெரியப்பா குடும்பக் குரூப்பில் போட்டிருப்பார். அதை உங்கட வகுப்பில் பத்துப் பேருக்குக் காட்டி, கதை சொல்லுறவர் யார் எண்டு கேளுங்க. எல்லாருக்கும் தெரியும், நாகேஷ். சரி, முன்னால இருந்து கதை கேக்கிறவர் யார்? "அந்தப் பணக்கார அப்பா", "திருவிளையாடலில் பாட்டுப் போட்டிக்கு வருவாரே, அவர்" என்றுதான் பதில் வரும். முகம் தெரியும், பெயர் வாய்க்கு வராது.

அவருடைய பெயர் டி.எஸ். பாலையா. 1936 தொடக்கம் 1972இல் இறக்கும் வரைக்கும் தமிழ்ச் சினிமாவில் வில்லனாக, நண்பனாக, சேட்டாக, வித்துவானாக, அப்பாவாக வந்துபோன மனிசன்.

"பழைய படம் பாருங்க, இந்தக் காலத்துப் படம் எல்லாம் குப்பை" என்று சொல்லும் கட்டுரை இல்லை இது. பழைய படங்களிலும் குப்பை கனக்க இருக்கு. நான் சொல்ல வாறது வேற. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கிறவரை மதிக்க நமக்கு இன்னும் தெரியவில்லை. அந்தத் தெரியாமை இண்டைக்கு நாங்க போடும் நாடகங்களையும், எடுக்கும் குறும்படங்களையும் பழுதாக்கிக்கொண்டிருக்கு. அதைக் கதைக்க எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சாட்சி பாலையா.

முதலில் அவர் தொடங்கின ஆண்டைப் பார்ப்போம். 1936ஆம் ஆண்டுப் படங்களுக்காகத்தான் ஹொலிவூட்டின் ஒஸ்கார் விருதில் முதன்முறையாகத் துணை நடிகருக்கும் துணை நடிகைக்கும் தனி விருது கொடுத்தார்கள். துணை நடிகர் விருதை வாங்கினவர் வோல்ட்டர் பிரென்னன். 1920களில் கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் எக்ஸ்ட்ரா வேலையில் தொடங்கி மேலே வந்தவர் அவர். 1938ஆம், 1940ஆம் ஆண்டுப் படங்களுக்கும் அதே விருது அவருக்குத்தான் போனது. ஆனால் கவனிங்க, நாயகன் நாயகிக்குக் கிடைக்கும் அந்தத் தங்க நிறச் சிலை இவர்களுக்கு இல்லை. ஒரு பட்டயம்தான் கையில் கொடுத்தார்கள். 1943ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் இருந்துதான் துணை நடிகர்களுக்கும் முழுச் சிலை கிடைத்தது. மதிக்கத் தொடங்கின இடத்திலேயே அரைவாசி மதிப்புத்தான்.

அதே 1936இல் தமிழில் 'சதி லீலாவதி' வந்தது. எஸ்.எஸ். வாசனின் கதை. இயக்கினவர் எல்லிஸ் ஆர். டங்கன். ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் சினிமா படித்து, 1935இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கர். 1950 வரைக்கும் இருந்து தமிழ்ப் படங்கள் எடுத்தார், ஆனால் தமிழ் அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தின் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கு. குடியால் கெட்டு, தான் ஒரு கொலை செய்துவிட்டதாக நம்பி ஓடும் கதாநாயகன் வந்து சேரும் இடம் இலங்கை. இங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்வான்.

கதாநாயகன் எம்.கே. ராதா. அவரைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் ராமநாதன் என்ற வில்லனாக வந்தவர் பாலையா. அதே படத்தில் ஒரு சின்னப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேஷத்தில் வந்தவர், இலங்கையில் பிறந்த எம்.ஜி.ஆர். என்.எஸ். கிருஷ்ணனும் அதில் இருந்தார். மூவருக்கும் அதுதான் ஆரம்பகாலப் படம். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக ஆக இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பாலையாவுக்கு முதல் படத்திலேயே கதையைத் தள்ளிக்கொண்டு போகும் வேஷம். அடுத்த ஆண்டு டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராகவும் அவர்தான் வில்லன்.

மொழி தெரியாத ஒரு இயக்குநர் எதைப் பார்த்து "இந்தக் காட்சி சரி" எண்டு முடிவு செய்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. வசனம் அவருக்கு விளங்காது. முகம், கண், கை, நிற்கும் விதம் இவ்வளவும்தான் விளங்கும். நாடகக் கம்பெனியில் உரத்த குரலில் பேசிப் பழகினவர்களுக்கு அது ஒரு புதுப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பாலையாவின் பிந்திய படங்களைப் பார்க்கக்குள்ள அந்த ஊகம் எனக்கு இன்னும் பலமாகும். வசனம் இல்லாத நேரத்தில்தான் அவர் கூட வேலை செய்வார்.

பேய்க்கதைக் காட்சிக்கே திரும்பிப் போவோம். 1964, ஸ்ரீதரின் படம். நாகேஷ் படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா. பாலையா காசுக்காரத் தகப்பன் விஸ்வநாதன். மகன் கதை சொல்லுறான், சத்தம் போடுறான், கையைக் காலை ஆட்டுறான். தகப்பன் வெறுமனே இருந்து கேக்கிறார். இப்ப ஒரு வேலை செய்யுங்க. பாலையா இருக்கும் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்க. நாகேஷ் கெட்டிக்காரர்தான், ஆனால் பயம் வராது. சிரிப்பும் பாதிதான் வரும். கையை எடுங்க. பேய் நாகேஷின் வாயில் இல்லை, பாலையாவின் முகத்தில் இருக்கு. மகனை நக்கலாகப் பார்க்கத் தொடங்கின முகம், தனக்கே தெரியாமல் கதைக்குள் இழுபட்டுப் போகும். பெரிய மனிசன் ஒருவர் சின்னப்பிள்ளையாக மாறுறதை நாங்க கண்ணால் பார்க்கிறோம். நடிப்பில் பாதி, கேட்பது. இதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை.

இனி 'திருவிளையாடல்', 1965. ஹேமநாத பாகவதர் பாண்டிய நாட்டுக்கு வந்து, தன்னோடு பாடி வெல்ல ஆள் இருக்கா என்று சவால் விடுகிறார். கடைசியில் விறகு விற்கிறவனாக வந்த சிவன் பாடுறதைக் கேட்டு, இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடிவிடுவார். கதையாகப் பார்த்தால் தோற்கிறதுக்கென்றே படைத்த வேஷம். ஆனால் ஏ.பி. நாகராஜன் அந்த வேஷத்துக்கு எம். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் ஒரு முழு ராகமாலிகையைக் கொடுத்தார். பாலையா அதை வாயசைத்துவிட்டுப் போகவில்லை. சபையைப் பார்த்து ஒரு பார்வை, சீடப்பிள்ளைகளைப் பார்த்து ஒரு பார்வை, தன் குரலைத் தானே ரசிக்கும் ஒரு சிரிப்பு. ஆணவத்துக்கு ஒரு உடம்பு கிடைத்த மாதிரி. அந்த ஆணவம் வெறும் சத்தமாக இருந்திருந்தால், அவரைத் தோற்கடிக்க சிவன் எதுக்கு இறங்கி வரவேணும்? எதிரி உண்மையான கெட்டிக்காரன் என்றால்தான் வெற்றிக்கு எடை வரும். சாமிக்கே ஒரு நல்ல குணச்சித்திர நடிகர் தேவைப்பட்டிருக்கு.

மூன்றாவது உதாரணம், 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி நாதஸ்வரம், பாலையா தவில். அந்தப் படத்தில் சிக்கல் சண்முகசுந்தரத்துக்குக் கோபம் வரும், காதல் வரும், பிடிவாதம் வரும். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு, அவரையும் அந்தக் குழுவையும் ஒன்றாக வைத்திருக்கிறவர் தவில்காரர். தவிலைப் பக்கவாத்தியம் என்றுதான் சொல்லுவாங்க. கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல் எவ்வளவு பொய் என்று தெரியும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கவே இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சனம் கூடியது. பக்கத்தில் நிற்கிறது எண்டால் கீழே நிற்கிறது இல்லை.

"அதெல்லாம் சரி, கடைசியில் ஹீரோவுக்குத்தானே படம் ஓடும்?" என்று கேட்பீங்க. ஓடும். ஆனால் ஒரு கணக்குப் பாருங்க. 'அம்பிகாபதி'யின் நாயகன் பாகவதர் 1944இல் ஒரு கொலை வழக்கில் கைதானார். மூன்று வருஷத்துக்குப் பிறகு வெளியில் வந்தபோது அவருடைய காலம் முடிந்துபோயிருந்தது. 'சதி லீலாவதி'யின் நாயகன் எம்.கே. ராதாவும் அறுபதுகளில் முன்னணியில் இல்லை. பாலையா 1949இல் அண்ணாதுரை எழுதிய 'வேலைக்காரி'யில், பழிவாங்கத் துடிக்கும் நாயகனுக்குப் புத்தி சொல்லும் நண்பன் மணியாக வந்தார். 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் சேட்டாக வந்தார். 1956இல் 'மதுரை வீரன்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு வில்லன். 1967இல் பாலச்சந்தரின் 'பாமா விஜயம்' படத்தில், ஒரு நடிகையின் வருகைக்காகக் கடன்பட்டு ஆடம்பரம் காட்டும் மூன்று மகன்மாரையும் மருமக்களையும் திருத்தப் பாடுபடும் அப்பா.

பாகவதர் காலம், எம்.ஜி.ஆர்.-சிவாஜி காலம், ஸ்ரீதர்-பாலச்சந்தர் காலம். மூன்றிலும் அவருக்கு வேலை இருந்தது. எம்.ஜி.ஆருக்கும் பாலையாவுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1964இல் எம்.ஜி.ஆர். 'படகோட்டி'யில் காதலித்துக்கொண்டிருக்க, பாலையா 'காதலிக்க நேரமில்லை'யில் இரண்டு வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு அப்பா. கதாநாயகன் வயதை மறைக்க வேணும். குணச்சித்திர நடிகர் தன் வயதையே வேஷமாக்கலாம். எது பெரிய சுதந்திரம்?

அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் இருந்தது. இந்தியத் தேசிய விருதுகளில் துணை நடிகர், துணை நடிகைக்கான பிரிவு 1984ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான் வந்தது. பாலையா இறந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. எஸ்.வி. ரங்காராவ், நாகையா, எம்.ஆர். ராதா எல்லாரும் அதுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேய்க்கதை சொன்ன நாகேஷுக்கு அந்த விருது 'நம்மவர்' படத்துக்காகக் கிடைத்தது. 1994ஆம் ஆண்டுப் படம். கதை சொல்லி முப்பது வருஷம் கழித்து! கதை கேட்டவருக்குக் கடைசி வரைக்கும் இல்லை.

இவ்வளவும் சொன்னதுக்காகத் துணை வேஷம் என்றாலே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு கூடாகவும் இருக்கலாம். 1940இல் ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பின நடிகை ஹட்டி மெக்டானியல். அவருக்குக் கிடைத்ததும் துணை நடிகைக்கான அந்தப் பட்டயம்தான். விருது விழா நடந்த ஹோட்டலில் மற்ற நடிகர்களோடு ஒரே மேசையில் இருக்க விடாமல், சுவர் ஓரமாக ஒரு தனி மேசையில் இருத்தினார்கள். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த வேஷங்களில் பெரும்பகுதி வேலைக்காரி. திறமை பார்த்துக் குணச்சித்திர வேஷம் கொடுப்பது வேற, தோலைப் பார்த்து "நீ இதுக்குத்தான்" எண்டு ஒதுக்குவது வேற. நம்ம சினிமாவும் சுத்தமில்லை. சேட்டு என்றால் உடைந்த தமிழ் பேசிச் சிரிக்க வைக்க வேணும், குண்டான பெண் என்றால் பகிடிக்கு மட்டும்தான் என்ற பழக்கம் பாலையா நடித்த படங்களிலும் இருக்கு.

இந்த இடத்தில்தான் விஷயம் எங்கட வாசலுக்கு வருது. நான் ஈச்சிலம்பற்றுக்காரி. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு மூலை, வெருகல் ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். இரண்டு மாவட்டத்துக்கும் நாங்க ஓரம். பல்கலைக்கழகத்தில் ஒரு நாடகத்துக்கு ஆள் எடுத்தபோது நானும் போனேன். வசனம் பேசச் சொல்லிக் கேட்கவே இல்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்கட முகத்துக்கு அம்மா வேஷம்தான் சரி" என்று சொன்னாங்க. அப்ப எனக்கு இருபது வயது. அம்மா வேஷம் என்பதில் எனக்குக் கவலை இல்லை, நல்ல அம்மா வேஷத்துக்கு நான் எதையும் விடுவேன். ஆனால் அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லை. நாலு வசனம், நாலும் "சாப்பிட வா மகன்" வகை. மேடையேற்றத்தன்று கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் நாயகன், நாயகி, நெறியாளர் பெயர்கள் பெரிதாக இருந்தன. கடைசி வரியில் "மற்றும் பலர்". அந்தப் பலரில் நான் ஒருத்தி.

என்னோட நிற்கிற கதை இல்லை இது. நம்ம பெடியள் எடுக்கும் குறும்படங்களை நான் விடாமல் பார்க்கிறவள். கெமரா நல்லா இருக்கு, எடிட்டிங் நல்லா இருக்கு, இசையும் பரவாயில்லை. ஆனால் கனக்கப் படங்களில் ஒரே மாதிரி ஒரு பழக்கம். கதாநாயகன் சிவத்தப் பெடியன், அவன் பேசுறது பாதி இந்தியத் தமிழ். நம்ம ஊர்த் தமிழ் பேசுறவன் யார்? பகிடிக்காரக் கூட்டாளி. "என்னடாப்பா" என்று இழுத்துக் கதைத்தால் சிரிக்க வேணும். அப்பா வேஷத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்குத் தலையில் பவுடர் போட்டு விடுறாங்க. ஊரில் அறுபது வயதில் கூத்தாடின மனிசர் இருக்கக்குள்ள, அவரைப் போய்க் கேட்க ஒருத்தருக்கும் தோணுறதில்லை. நம்ம மொழியையும், நம்ம வயதானவர்களையும் நம்ம படத்திலேயே நாங்க எக்ஸ்ட்ரா ஆக்கி வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் வேற விதமாகச் செய்யத் தெரிந்த மண் இது. கூத்தை எடுத்துக்கொள்ளுங்க. யாருக்கு எந்த வேஷம் எண்டு அண்ணாவியார் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யுறதில்லை. குரல், உடல்வாகு, ஆட்டம் எல்லாம் பார்த்து, ஊர்ப் பெரியவர்களையும் வைத்துத்தான் சட்டம் கொடுப்பார்கள். அரங்கேற்றத்தன்று வட்டக்களரிக்குள்ள ராசா மட்டும் ஆடி வருவதில்லை. கட்டியகாரனுக்கும் வரவு இருக்கு. தூதுவனுக்கும் இருக்கு. ஒவ்வொருவரும் மத்தளத்துக்கு ஆடி, தான் யார் என்று பாடிக்கொண்டுதான் களரிக்குள் வருவார். பெயர் இல்லாமல் உள்ளுக்கு வரும் ஆள் அங்கே இல்லை. சினிமா நாயகனுக்கு மட்டும் கொடுக்கும் அறிமுகக் காட்சியைக் கூத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டது.

ஆனால் ஆடினவர்களின் பெயரை எழுதி வைக்கும் பழக்கம் நமக்கு இல்லை. 2004இல் கடல் வந்தது. 2006இல் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த ஓட்டங்களில் வீடுகளில் இருந்த கூத்துக் கொப்பிகளும் படங்களும் போய்விட்டன. ராசா வேஷம் கட்டினவரை ஊர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கு. மந்திரி யார், தோழி யார், பக்கப்பாட்டு யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பாலையா விஷயத்தில் தமிழ்ச் சினிமா ரசிகர்கள் செய்ததையே எங்கட அண்ணாவிமார் விஷயத்தில் நாங்க செய்துகொண்டிருக்கிறோம். ஒரு வித்தியாசம்தான். பாலையாவுக்குப் படச்சுருள் இருக்கு, போனில் தேடினால் முகமாவது வரும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

அதனால் படம் எடுக்கும், நாடகம் போடும் தோழர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். மூன்றுக்கும் காசு தேவையில்லை.

ஒன்று, உங்கட கதையில் வாய் திறக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெயர் வையுங்க. கடைக்காரர் என்றால் எந்தக் கடை, அம்மா என்றால் அவவுக்குப் பெயர் என்ன, அண்டைக்கு அவவுக்கு என்ன கவலை என்று ஒரு வரியாவது யோசியுங்க. அந்த வரி படத்தில் வராட்டியும் நடிக்கிறவருக்கு உதவும். ஹேமநாத பாகவதருக்கு ஒரு முழுப் பாட்டே கொடுத்தார்கள், உங்கட கடைக்காரருக்கு ஒரு பெயர் கொடுக்க ஏலாதா?

இரண்டு, வேஷத்துக்கு ஆள் எடுக்கக்குள்ள முகத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் முதல்ல ஒரு காட்சி செய்யச் சொல்லுங்க. பேசச் சொல்லுறதோட, அடுத்தவர் பேசுறதைக் கேக்கவும் சொல்லுங்க. யார் நல்லாக் கேக்கிறாரோ அவர்தான் நல்ல நடிகர். அவர் எங்கட தமிழில் பேசட்டும். அழுறதும் கோபப்படுறதும் காதலிக்கிறதும் இந்தத் தமிழிலும் முடியும், வீட்டில் தினமும் அதைத்தானே செய்யுறோம்.

மூன்று, கடைசியில் ஓடும் எழுத்தில் எல்லார் பெயரையும் போடுங்க. தேத்தண்ணி ஊத்தித் தந்த அக்கா வரைக்கும். முப்பது பெயர் ஓட இருபது செக்கன் போதும்.

இப்ப விருப்பம் என்றால் பேய்க்கதைக் காட்சியை எடுத்து இன்னொருக்கால் பாருங்க. இந்த முறை நாகேஷை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் மனிசனை மட்டும் பாருங்க. பிறகு ஸ்டேட்டஸில் போடக்குள்ள கீழே அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்க, டி.எஸ். பாலையா எண்டு. நேரம் கிடைத்தால் உங்கட ஊர்க் கூத்தில் மந்திரி வேஷம் கட்டினவர் வீட்டுக்கும் ஒருக்காப் போய், அவருடைய பெயரையும் எழுதிக்கொண்டு வாங்க.